டமோக்சிஃபெனோடு எது சேரும்? அனல் அடிக்கும் உடம்புக்கு மாத்திரை தேர்வது

பெரியம்மா மகள் அக்கா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். வயது 47. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து எட்டு மாதமாக ஹார்மோன் மாத்திரையில் இருக்கிறார். டப்பாவிலிருந்து விழுந்தவை: அந்த ஹார்மோன் மாத்திரையான டமோக்சிஃபென் 20 மில்லிகிராம், தைராய்டு மாத்திரை, கால்சியம், கேஸுக்குப் பான்டோபிரசோல், மன அழுத்தத்துக்கான பாராக்ஸிடினும் பதற்றம் தணிக்கும் குளோனசெபமும் சேர்ந்த ஓர் அட்டை, படர்தாமரைக்கு டெர்பினாஃபின், அப்புறம் பெரிய பாட்டிலில் மஞ்சள்-மிளகு கேப்ஸ்யூல். எழுதிக்கொடுத்தவர்கள் நான்கு டாக்டர்கள். கேப்ஸ்யூல் மட்டும் மகன் இணையத்தில் வாங்கிக் கொடுத்தது. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. நான் பதினைந்து வருஷமாக மருந்தகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள் என்பதால் டப்பா என்னிடம் வந்தது.

அக்காவின் தொல்லை ஹாட் ஃப்ளாஷ், டமோக்சிஃபென் எடுப்பவர்களுக்கு அடிக்கும் அனல். "நெஞ்சுல இருந்து மூஞ்சிக்கு அடுப்பு அனல் ஏறுதுடி. ரெண்டு நிமிஷம். அப்புறம் வேர்த்துக் கொட்டி நடுங்குது" என்றார். ராத்திரியில் இரண்டு முறை நைட்டி மாற்றுகிறார். அதற்காகப் பக்கத்துத் தெரு டாக்டர் தந்ததுதான் அந்தப் பாராக்ஸிடின் அட்டை. அனல் ஓரளவு குறைந்தது உண்மை. அந்த அட்டை டமோக்சிஃபெனோடு சேராது என்று யாரோ சொல்லி, பயந்துபோய், "பேசாம ஒரு மாசத்துக்கு டமோக்சிஃபெனை நிறுத்திப் பாக்கவா?" என்று கேட்டார்.

இருக்கிற தேர்வுகளில் எல்லாவற்றையும்விட மோசமானது இதுதான். ஹார்மோன் ஏற்பியுள்ள, அதாவது ஈஸ்ட்ரோஜன் போன்ற பெண் ஹார்மோனைப் பிடித்து வளரும் மார்பகப் புற்றுநோயில் டமோக்சிஃபென் ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம்கூடத் தருகிறார்கள். மாத்திரையைப் பாதியில் விட்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. மருந்துகள் மோதுகின்றன என்பதற்காக முக்கியமான மருந்தை வெளியே அனுப்புவது, மாமியார் மருமகள் சண்டையில் வீட்டையே விற்கிற கதை. மாற்ற வேண்டியது மற்றதை.

மோதல் எங்கே நடக்கிறது?

டமோக்சிஃபென் அரிசி மாதிரி. அப்படியே வைத்தால் பெரிய பயன் இல்லை, வேக வேண்டும். கல்லீரலில் இருக்கும் சிஒய்பி2டி6 (சுருக்கமாக 2டி6) என்ற நொதிதான் அடுப்பு. அதில் வெந்து வருவது எண்டாக்ஸிஃபென். புற்றுச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்வதில் எண்டாக்ஸிஃபெனுக்கு டமோக்சிஃபெனைவிடப் பல மடங்கு பலம். பாராக்ஸிடின் இந்த அடுப்பை அணைக்கிறது, அதுவும் லேசாக இல்லை. மன அழுத்த மாத்திரைகளில் 2டி6-ஐ மிகப் பலமாகத் தடுப்பவை பாராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின், புப்ரோபியான் ஆகிய மூன்றும்.

இதற்கு அக்கா வைத்த வாதத்தைக் கவுண்டரில் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். "காலையில அது, ராத்திரி இது. நடுவுல பன்னெண்டு மணி நேரம் இருக்குல்ல, அப்புறம் எப்படி ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும்?"

இடைவெளி விட்டால் சரியாகும் மோதல்களும் இருக்கின்றன. அதே டப்பாவில் தைராய்டு மாத்திரையும் கால்சியமும் இருந்தன. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் வயிற்றுக்குள்ளேயே கால்சியம் தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. நான்கு மணி நேரம் தள்ளிப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. அது குடலில் நடக்கும் சண்டை. பாராக்ஸிடின் விஷயம் கல்லீரலில் நடப்பது. பாராக்ஸிடின் நொதியைக் கெடுத்தே விடுகிறது. புதிய நொதி உருவாக நாட்கள் ஆகும், அதற்குள் அடுத்த மாத்திரை உள்ளே போய்விடும். ஃப்ளூவாக்ஸிடின் இன்னும் மோசம், நிறுத்திய பிறகும் அதன் மிச்சம் ஐந்து வாரம் வரை உடம்பில் கிடக்கும். காலை, இரவு என்று பிரிப்பதால் இங்கே ஒன்றும் நடக்காது.

சரி, எண்டாக்ஸிஃபென் குறைந்தால் நோய் திரும்புமா? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கொஞ்சம் நீளம். பாராக்ஸிடின் எடுத்த பெண்களின் ரத்தத்தில் எண்டாக்ஸிஃபென் சரிவதை 2003-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2010-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து பிஎம்ஜே மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது: 2,430 பெண்கள். டமோக்சிஃபென் எடுத்த காலத்தில் கால்வாசிக்குப் பாராக்ஸிடினும் சேர்ந்திருந்தால் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் அபாயம் 24 சதவீதமும், பாதிக் காலம் சேர்ந்திருந்தால் 54 சதவீதமும், முக்கால் காலம் என்றால் 91 சதவீதமும் கூடியதாகக் கணக்கு. உலகமே திடுக்கிட்டது. ஆனால் அந்தப் பெண்கள் 66 வயதைத் தாண்டியவர்கள். 2016-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள், அதில் ஒன்று கிட்டத்தட்ட 17,000 பெண்களைப் பார்த்தது, அப்படி ஓர் அபாயத்தைக் காணவில்லை.

ஆக, தகராறு தீரவில்லை. நான் இதை இப்படிப் பார்க்கிறேன். பாராக்ஸிடினுக்கு மாற்றே இல்லை என்றால் இந்தத் தகராறு தலைவலியாக இருந்திருக்கும். அதே வேலையைச் செய்ய, அடுப்பைத் தொடாத மாத்திரைகள் நான்கைந்து இருக்கும்போது, சந்தேகத்துக்கு இடமானதை எதற்குப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? இன்னொன்று: சில மாதம் பாராக்ஸிடின் எடுத்துவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட வேண்டாம். மாற்றிக்கொண்டால் போதும்.

வென்லாஃபாக்சின்

டமோக்சிஃபென் எடுப்பவருக்கு அனல் அடித்தால் என் முதல் தேர்வு இது. இதுவும் மன அழுத்த மாத்திரைதான். 2டி6 அடுப்பைக் கிட்டத்தட்ட தொடுவதே இல்லை. 2000-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்கு 75 மில்லிகிராம் தந்தபோது ஹாட் ஃப்ளாஷ் மதிப்பெண் (எத்தனை முறை, எவ்வளவு கடுமை என்று சேர்த்துப் போடும் கணக்கு) 61 சதவீதம் குறைந்தது. ஒப்பிடுவதற்காகத் தந்த, மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையில் 27 சதவீதம். 150-க்கு ஏற்றியும் அதே 61-தான், எனவே கூட்டிக்கொண்டே போவதில் லாபம் இல்லை. 37.5-ல் தொடங்கி ஒரு வாரம் கழித்து 75 என்பது வழக்கம். ஓரிரு வாரத்தில் பலன் தெரிந்துவிடும் என்பது இதன் பெரிய குணம்.

குறைகளும் உண்டு. முதல் வாரம் குமட்டும், சாப்பிட்டதும் போட்டால் பரவாயில்லை. வாய் உலரும், மலச்சிக்கல் வரும். ரத்த அழுத்தம் ஏறலாம், அதனால் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் தொடங்கிய முதல் மாதம் வாரம் ஒருமுறையாவது பார்த்து எழுதி வைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், உடம்பில் ஷாக் அடிப்பது போல ஓர் உணர்வு வரும். ஊருக்குப் போகும்போது அட்டையை மறந்துவிட்டுப் போகக் கூடாத மாத்திரை இது.

இதற்கும் ஆகாத கூட்டாளி உண்டு: டிராமடால். மூட்டு வலி, முதுகு வலி என்று போனால் பாராசிட்டமாலோடு டிராமடால் கலந்த மாத்திரையைச் சாதாரணமாக எழுதுவார்கள். இரண்டும் சேர்ந்தால் செரடோனின் என்ற நரம்பு ரசாயனம் அளவுக்கு மீறிப் போகலாம், வலிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. கை நடுக்கம், படபடப்பு, காய்ச்சல், குழப்பம் என்று வந்தால் காத்திருக்கக் கூடாது. வலி மாத்திரை வாங்கும்போது "நான் வென்லாஃபாக்சின் எடுக்கிறேன்" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

கடையில் டெஸ்வென்லாஃபாக்சின் என்று ஒன்றும் கிடைக்கிறது. வென்லாஃபாக்சின் உடம்புக்குள் போய் எதுவாக மாறுகிறதோ, அதையே தனி மாத்திரையாகச் செய்தது. டமோக்சிஃபெனோடு மோதாது.

காபாபென்டின்

வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் மாத்திரை. மருந்து மோதலை மட்டும் வைத்து மார்க் போட்டால் முதலிடம் இதற்குத்தான். கல்லீரல் பக்கமே போகாது. வந்த மாதிரியே சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும், அதனால் டமோக்சிஃபெனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. 2005-ல் வந்த ஆய்வில் 420 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாளைக்கு 900 மில்லிகிராமில் எட்டு வாரத்தில் 46 சதவீதக் குறைவு, மாவு மாத்திரையில் 15. வெறும் 300-ல் பலன் அரைகுறைதான்.

அப்படியானால் ஏன் இது என் முதல் தேர்வு இல்லை? மூன்று வேளை மாத்திரை, பகலில் தூக்கம், தலைசுற்றல், சிலருக்குக் கால் வீக்கம். கனடாவில் 66 பெண்களுக்கு இதையும் வென்லாஃபாக்சினையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அனல் இரண்டிலும் ஒரே அளவில்தான் குறைந்தது. எது வேண்டும் என்று கேட்டதற்கு 68 சதவீதம் பேர் வென்லாஃபாக்சின் பக்கம் கை தூக்கினார்கள்.

மீதி 32 சதவீதம் யாராக இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம். ராத்திரி வேர்வையால் தூக்கம் கெடுபவர்கள். அவர்களுக்கு இதன் தூக்கக் குணமே வரம். படுக்கும்போது 300 மட்டும் போட்டுத் தொடங்கிப் பார்க்கலாம். ஆனால் அக்காவின் அட்டையில் குளோனசெபம் இருந்தது. அதோடு காபாபென்டினும் சேர்ந்தால் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது தள்ளாடி விழ நேரும். நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை: நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை ஜெல் மருந்து காபாபென்டினைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டால் சரி. இது குடல் சண்டை வகை.

எஸ்சிட்டலோபிராம், டுலோக்ஸிடின்

மனச்சோர்வும் பதற்றமும் அனலைவிடப் பெரிதாக இருப்பவருக்கு எஸ்சிட்டலோபிராம் நல்ல தேர்வு. 2டி6-ஐ லேசாகத்தான் தொடும். மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களின் அனலையும் குறைப்பது 2011-ல் நிரூபணமானது. இதற்கு இடறுகல் நம் ஊர் கேஸ் மாத்திரை. ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் இரண்டும் எஸ்சிட்டலோபிராமின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஏறினால் இதயத் துடிப்பின் மின்னோட்டம் இழுபட்டு, துடிப்பு தாறுமாறாகலாம். கீமோ வாந்திக்கு ஆன்டன்செட்ரானும் கூடவே ஓடுகிறது என்றால் அதுவும் அதே திசையில் இழுக்கும். அப்படிப்பட்டவருக்கு ஓர் இசிஜி எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பான்டோபிரசோல் என்றால் அவ்வளவு கவலை இல்லை.

டுலோக்ஸிடினின் கதை வேறு. பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏறியவர்களில் பலருக்கு விரல் நுனியும் பாதமும் மரத்து எரியும். பாய் மேல் நடந்தால் மணல் மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். அந்த எரிச்சலுக்கு உருப்படியான ஆதாரம் உள்ள ஒரே மாத்திரை டுலோக்ஸிடின்தான் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமே வழிகாட்டுகிறது. ஆனால் அது 2டி6-ஐ நடுத்தரமாகத் தடுக்கும். பாராக்ஸிடின் அடுப்பை அணைக்கிறது என்றால் இது தீயைச் சிம்மில் வைக்கிறது. டமோக்சிஃபென் எடுப்பவருக்கு எரிச்சல் தாங்க முடியாமல் இருந்தால், முதலில் வென்லாஃபாக்சின் கொடுத்து அனலோடு எரிச்சலும் தணிகிறதா என்று பார்ப்பேன். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுக்கும் ஹார்மோன் மாத்திரைகளான லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல் எடுப்பவருக்கு இந்தத் தயக்கமே வேண்டாம். அந்த மருந்துகள் 2டி6-ஐ நம்பி இல்லை. அவற்றால் வரும் மூட்டு வலிக்கும் டுலோக்ஸிடின் உதவுகிறது.

அப்போது டமோக்சிஃபெனை விட்டுவிட்டு லெட்ரோசோலுக்கே மாறிவிட்டால் என்ன? அக்காவும் கேட்டார். கீமோவுக்குப் பிறகு பீரியட்ஸ் வரவில்லை, அதனால் நின்றுவிட்டது என்று அவர் நம்புகிறார். 47 வயதில் கீமோவால் நின்றது மெனோபாஸ் ஆகிவிடாது. சினைப்பை உறங்கிக்கொண்டிருக்கலாம், லெட்ரோசோல் அதைத் தட்டி எழுப்பிவிடவும் கூடும். சினைப்பையை அடக்கும் ஊசியோடு சேர்த்துத் தரும் முறை உண்டு. அது நோயின் அபாயத்தைப் பார்த்துப் புற்றுநோய் மருத்துவர் எடுக்கும் முடிவு. அனலுக்குப் பயந்து எடுக்கும் முடிவு இல்லை. லெட்ரோசோலிலும் அனல் அடிக்கும், மூட்டு வலி கூடுதல் இலவசம்.

மற்றவை

ஆக்சிபியூடினின், சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்கான மாத்திரை, அனலை நன்றாகவே குறைக்கிறது. வாய் காய்ந்துபோகும். ஏற்கெனவே பழைய மன அழுத்த மாத்திரையான அமிட்ரிப்டிலின் எடுப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து மலச்சிக்கலும் மறதியும் இரட்டிப்பாகும். குளோனிடின் பழைய மருந்து, பிரஷரை இறக்கும், திடீரென்று விட்டால் பிரஷர் பாயும். நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடவே கூடாது: மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஸ்வீடன் நாட்டு ஆய்வை நோய் திரும்புவது கூடியதால் 2003-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2023-ல் அமெரிக்கா அனுமதித்த ஃபெசோலினெடன்ட் மூளையிலேயே அனலின் சுவிட்சை அணைக்கும் புது வகை. அதற்குக் கல்லீரல் எச்சரிக்கை உண்டு, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு ஆகாது.

மாத்திரையே இல்லாத வழியும் இருக்கிறது. அறிதல்-நடத்தைச் சிகிச்சையை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) குழுவாகக் கற்றுக்கொண்ட மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்கு அனல் தரும் தொல்லை குறைந்ததை 2012-ல் லண்டனில் காட்டினார்கள். அனல் வரும் எண்ணிக்கையைவிட, அது படுத்தும் பாடு குறைகிறது. எந்த மாத்திரையோடும் மோதாத வைத்தியம்.

டப்பாவில் மீதி இருந்தவை

பாராக்ஸிடினை எல்லாரும் கவனித்தார்கள். டெர்பினாஃபினை யாரும் கவனிக்கவில்லை. வேர்வை கசியும் உடம்பில் படர்தாமரை வருவது நம் ஊரில் சகஜம். தோல் டாக்டர் வாரக்கணக்கில் டெர்பினாஃபின் எழுதுவதும் சகஜம். அதுவும் 2டி6-ஐப் பலமாகத் தடுக்கும், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில். ஆக அக்காவின் அடுப்பில் இரண்டு பேர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கிரீமிலேயே சரியாகிற அளவு தாமரைதான் அவருக்கு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு எதிர்த்திசையில் தொல்லை: அது டமோக்சிஃபெனை வேக வேகமாக உடம்பிலிருந்து வெளியேற்றிவிடும். அப்படி ஒருவர் வந்தால் இரண்டு மருத்துவர்களும் பேசிக்கொள்ளாமல் மருந்து தருவது எனக்குக் கை வராது.

மஞ்சள் கேப்ஸ்யூலைப் பற்றிச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம். "மஞ்சளும் மிளகும் விஷமா?" இல்லை. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் டமோக்சிஃபென் எடுக்கும் பெண்களுக்கு நாளைக்கு மூன்று வேளை 1,200 மில்லிகிராம் மஞ்சளின் குர்குமினும் கூடவே மிளகின் பைப்பரினும் கொடுத்துப் பார்த்தார்கள். எண்டாக்ஸிஃபென் 12 சதவீத அளவில் இறங்கியது. பாராக்ஸிடினோடு ஒப்பிட்டால் சின்னது. ஏற்கெனவே அடுப்பு மங்கியிருப்பவருக்கு அதுவும் எதற்கு? குழம்பில் போடும் சிட்டிகை மஞ்சளுக்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமே இல்லை. மிளகு ரசம் தாராளமாக வைக்கலாம்.

பாராக்ஸிடினை அன்றைக்கே தூக்கி எறியச் சொல்லவில்லை. அதையும் குளோனசெபத்தையும் சட்டென்று விட்டால் படபடப்பும் தூக்கமின்மையும் வந்து, பழி டமோக்சிஃபென் மேல் விழும். ஒரு தாளில் ஏழு மருந்தின் பெயர், அளவு, எழுதியவர், தொடங்கிய தேதி எல்லாம் எழுதி, அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் எடுத்துப் போனோம். படிப்படியாகக் குறைத்து வென்லாஃபாக்சின் 37.5-க்கு மாற்றினார். டெர்பினாஃபின் போய் கிரீம் வந்தது. கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று நகர்ந்தது.

ஆறு வாரம் கழித்து அக்கா போனில் கணக்குச் சொன்னார். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறாராம். நாளைக்குப் பதினொன்று அடித்த அனல் நாலைந்தாகிவிட்டது. ராத்திரி நைட்டி மாற்றுவது ஒரு முறைதான். பிரஷர் 130-க்கு 84, அதையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். மலச்சிக்கல்தான் படுத்துகிறது, இசப்கோல் சேர்க்கலாமா என்று கேட்டார். சேர்க்கலாம், மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி, தைராய்டுக்கு நாலு மணி நேரம் தள்ளி, நிறையத் தண்ணீரோடு என்றேன். "இது குடல் சண்டையா, கல்லீரல் சண்டையா?" என்று திருப்பிக் கேட்டார்.